கச்சானைத் தேடினால் நிலக்கடலை வருவதில்லை: ஓர் ஒலித்தொகுப்புத் தளத்தின் புதிய வடிவம் பற்றி

தமிழில் வெளியாகும் பொட்காஸ்ட்களையும் உரைகளையும் நேர்காணல்களையும் பல இடங்களிலிருந்து திரட்டி, கட்டணமின்றிக் கேட்கத் தரும் இணையத்தளம் ஒன்று இவ்வாண்டின் தொடக்கத்தில் தன் முகப்பையும் மெனுவையும் தேடல் வசதியையும் புதிதாக மாற்றியமைத்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் ஒரு வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருக்கும் நான், மாற்றத்துக்கு முன் ஒன்றரை ஆண்டும் பின் ஐந்து மாதமும் அத்தளத்தை எனக்காகவும் வாசிகசாலைக்கு வருவோருக்காகவும் பயன்படுத்தியிருக்கிறேன். சம்பளம் வாங்காத சிலர் தம் சொந்த நேரத்தில் நடத்தும் தளம் அது. கண்ட குறைகளை அவர்களுக்கே எழுதிவிட்டேன் என்பதாலும், அவற்றுள் பெரும்பாலானவை இதே வகைத் தளங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதாலும், பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். உள்ளடக்கத்தைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. வேளாண்மை, நாட்டார் பாடல், சிறுகதை வாசிப்பு, மருத்துவ ஆலோசனை என்று அங்கே இருப்பவற்றைக் கேட்டு முடிக்க எனக்கு ஓராயுள் போதாது. இந்த மதிப்பீடு முழுவதும், இருப்பதை ஒருவர் எப்படிக் கண்டடைகிறார் என்பதைப் பற்றியது.

ஒலியைக் கேட்பவரின் கை பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வயலில் களை பிடுங்குகிறவர்களும், தையல் இயந்திரத்தில் இருப்பவர்களும், சமையலில் நிற்பவர்களும், வவுனியாவில் ஏறி ஏ9 வீதியில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்குத் திரை என்பது வழியில் வரும் ஒரு தடை. ஆகவே இப்படிப்பட்ட தளத்தை நான் அளப்பதற்கு வைத்திருக்கும் கோல் ஒன்றுதான்: இன்னதைக் கேட்க வேண்டும் என்று நினைத்த கணத்திலிருந்து அது காதில் விழும் வரை எத்தனை தடவை திரையைப் பார்த்துத் தொட வேண்டியிருக்கிறது? பழைய வடிவத்தில், முதல் நாள் பாதியில் விட்ட ஒரு தொடரை மீண்டும் பிடிப்பதற்கு நான் எண்ணியபோது பதினொரு தடவை தொட வேண்டியிருந்தது. புதிய வடிவத்தில் அது மூன்று. முகப்பின் உச்சியிலேயே ‘விட்ட இடத்திலிருந்து’ என்று ஒரு வரி வருகிறது. அதைத் தொட்டால் போதும். கணக்குத் திறக்கச் சொல்லாமல், கேட்பவரின் கைத்தொலைபேசியிலேயே அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இதன் ஒரே பாதிப்பு, ஒரே தொலைபேசியில் வீட்டார் நால்வர் கேட்டால் கடைசியாகக் கேட்டவரின் இடம்தான் முன்னே வந்து நிற்கும் என்பது. எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் சிறுவர் கதையாகவே இருக்கிறது.

முகப்பில் முன்பு திரையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு தானாக மாறிக்கொண்டிருந்த பெரிய படங்கள் போய்விட்டன. ஒரு படத்தைத் தொடப் போகும் நேரத்தில் அது அடுத்த படமாக மாறி, வேண்டாத பக்கம் திறப்பதை அனுபவித்தவர்கள் அந்த இழப்பை வரவேற்பார்கள். மெனுவில் இருபத்திரண்டு தலைப்புகள் இருந்த இடத்தில் இப்போது ஐந்து இருக்கின்றன. இவ்வளவும் நல்லவை, இவற்றைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

தேடலைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கடந்த சிறுபோகத்தின்போது, வாசிகசாலைக்குப் பத்திரிகை பார்க்க வரும் விவசாயி ஒருவர், “பிள்ளை, கச்சான் இலையெல்லாம் புள்ளி புள்ளியாக் கிடக்கு, உந்தப் போனில ஏதும் சொல்லியிருக்கோ எண்டு ஒருக்காப் பார்” என்று கேட்டார். தேடல் பெட்டியில் ‘கச்சான்’ என்று இட்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அத்தளத்தில் நிலக்கடலைச் செய்கை பற்றி மூன்று உரைகள் இருக்கின்றன என்பதும், அவற்றில் ஒன்று இலைப்புள்ளி நோயைப் பற்றியே கால் மணித்தியாலம் பேசுகிறது என்பதும் நான் முன்னரே கேட்டிருந்ததால் எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரிய வழியில்லை. கச்சான் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிப் பயிரிட்ட ஒருவர், அதை இன்னோர் ஊரார் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வார்கள் என்று ஊகித்துத் தேட வேண்டும் என்று தளம் எதிர்பார்க்கிறது. உழுந்துக்கும் இதே கதி. நாங்கள் ‘உழுந்து’ என்று எழுதுகிறோம், தமிழகத்தில் ‘உளுந்து’ என்று எழுதுகிறார்கள். ஒரெழுத்து மாறினால் தளத்துக்கு அது வேறு பயிர். பப்பாசி, பப்பாளி என்று தேடிப் பாருங்கள். டொக்டர், டாக்டர் என்றும் தேடிப் பாருங்கள். ஏன், தளத்தின் பிழைப்புக்கே ஆதாரமான சொல்லைக்கூடச் சிலர் பொட்காஸ்ட் என்றும் சிலர் பாட்காஸ்ட் என்றும் சிலர் வலையொலி என்றும் எழுதுகிறார்கள். மூன்றுக்கும் மூன்று விதமான விடைகள் வருகின்றன.

நூலகத்தில் இதற்கு மிகப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. பட்டியல் அட்டையில் ‘கச்சான்: நிலக்கடலை காண்க’ என்று ஒரு வரி எழுதி வைப்போம். வாசகர் எந்தச் சொல்லோடு வந்தாலும் சரியான தட்டுக்குப் போய்விடுவார். இணையத்தில் இதைச் செய்ய இணைச்சொற் பட்டியல் ஒன்றைத் தேடல் இயந்திரத்துக்குக் கொடுத்தால் போதும். அதற்குப் பெரிய பொறியியல் எதுவும் வேண்டியதில்லை, இரண்டு கரைத் தமிழும் தெரிந்த ஒருவர் சில மாலைப்பொழுதுகளைச் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வாசகர் என்ற இடத்தில் கேட்பவர் என்று போட்டுக்கொண்டால், இந்தத் தளம் முதலில் கவனிக்க வேண்டிய விதி அதுதான்.

தேடலில் இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது. ஒருநாள் ‘கிளிநொச்சி’ என்று என் தொலைபேசியில் தேடியபோது நான்கு பதிவுகள் வந்தன. வாசிகசாலைக் கணினியில் அதே சொல்லைத் தேடியபோது வேறு ஏழு பதிவுகள் வந்தன, முன்னைய நான்கில் ஒன்றும் அவற்றுள் இல்லை. இரண்டு திரைகளிலும் சொல் ஒரேமாதிரித்தான் தெரிந்தது. காரணம் அந்த ‘நொ’ என்ற எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் வழங்கும் பொதுத்தரமான யுனிகோடில் ஒகரக் குறிக்குத் தனியாக ஒரு குறியெண் உண்டு. எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டாலும் அதே உருவம் கிடைக்கும். எந்த விசைப்பலகையில் தட்டினோம் என்பதைப் பொறுத்து இவற்றில் ஏதாவது ஒன்று பதிவாகிவிடுகிறது. இரண்டையும் சமமாகவே கொள்ள வேண்டும் என்பது யுனிகோடின் விதி, அப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையும் அதிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சேமிக்கும்போதும் தேடும்போதும் அந்த முறையைப் பயன்படுத்தாத தளத்துக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். கிளிநொச்சி மட்டுமா? பொங்கல், தொடர், தொழில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என்று ஒகரம் உள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். புதிய வடிவம் வந்த பின்னரும் இந்தப் பிழை அப்படியே இருக்கிறது. நான் எழுதியனுப்பியவற்றுள் எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொன்னது இதைத்தான். இதைத் திருத்த ஒரு நாளுக்கு மேல் ஆகாது என்பதும், திருத்தாவிட்டால் பாதித் தொகுப்பு ஒவ்வொருவருக்கும் மறைந்தே கிடக்கும் என்பதும் அதற்குக் காரணம்.

மிகப் பழைய பதிவுகளின் தலைப்புகள், யுனிகோடைப் பின்பற்றாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. முன்பு அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் திரையில் தெரிந்தன. இப்போது எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள். பொறுமையான வேலை, செய்தவர்களுக்கு நன்றி.

வகைப்படுத்தலுக்கு வருவோம். ஐந்து தலைப்புகளாகக் குறைத்தது நல்லதென்றேன், ஆனால் அந்த ஐந்தில் ஒன்று ‘பொது’. பெரும்பாலானவை அதற்குள்தான் கிடக்கின்றன. பதிவேற்றுகிறவருக்கு எந்தத் தட்டு என்று முடிவெடுக்கச் சோம்பலாக இருக்கும்போது அவர் கை தானாகப் போகும் இடம் அது. வாசிகசாலையில் மேசைக்கடியில் ஒரு பெட்டி இருக்கும், அதைப் போன்றது. ‘சமூகம்’, ‘வாழ்வியல்’ என்று வேறு இரண்டு தலைப்புகள் இருக்கின்றன. இவற்றுக்கிடையிலான வேறுபாட்டை ஐந்து மாதமாகக் கேட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இடப்பெயரின்படி தேடும் வசதியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், அந்த எண்ணத்தைப் பாராட்டுகிறேன். செயற்பாடுதான் எங்கள் ஊராரைச் சிரிக்கவும் கோபப்படவும் வைத்தது. வடக்கு சம்பந்தப்பட்ட எல்லாமே ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரே குறிச்சொல்லின் கீழ் இடப்பட்டுள்ளன. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் பற்றிய அருமையான உரை ஒன்று அதற்குள் இருக்கிறது. இரணைமடுக் குளத்து நீர்ப்பங்கீடு பற்றிய நேர்காணலும், மன்னார்க் கரையோரத்து மீன்பிடி பற்றியதும்கூட அங்கேதான். வன்னிக்கு என்று தனியாக ஒரு குறிச்சொல் இல்லை. இதை வெறும் ஊர்ப்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளத்துநீரை நம்பி நெல் விதைக்கிறவருக்கும் கிணற்றுநீரில் வெங்காயம் வைக்கிறவருக்கும் தேவையான வேளாண் ஆலோசனை ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குச் சொன்னதை எங்கள் வயலில் செய்து பார்க்கப் போனால் நட்டப்படுவது கேட்டவர்தான். வடக்கு மாகாணத்தில் ஐந்து மாவட்டங்கள் இருக்கின்றன. ஐந்துக்கும் ஐந்து குறிச்சொற்கள் இடுவது ஒரு பெரிய காரியமல்ல.

திகதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவின் கீழும் ஒரு திகதி இருக்கிறது. அது பதிவேற்றிய திகதி, பேசிய திகதி அன்று. நாடகத்துக்கோ நாட்டார் பாடலுக்கோ இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில் பேசப்பட்ட உரை ஒன்று, இரண்டு வருடம் கழித்துப் பதிவேற்றப்பட்ட திகதியோடு நிற்கிறது. அதைக் கேட்ட ஒருவர், தடை மறுபடியும் வந்துவிட்டதா என்று என்னிடம் பதற்றத்தோடு விசாரித்தார். அந்தத் தடை அதே ஆண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. பேசிய ஆண்டைத் தலைப்பின் பக்கத்திலேயே போட்டால் இந்தக் குழப்பம் ஏற்படாது.

தொடர்களின் வரிசையும் இதே மனப்போக்கின் விளைவு. புதியது மேலே, பழையது கீழே என்பது செய்திக்குச் சரி. பதினெட்டுப் பகுதிகளாக வாசிக்கப்பட்ட ஒரு கதைக்கு அது தலைகீழ். முடிவு முதலில் வந்து நிற்க, தொடக்கத்தைத் தேடி அடிவரை போக வேண்டும். ஐபோன்களில் பொட்காஸ்ட் செயலி 2017இல் புதுப்பிக்கப்பட்டபோதே, தனித்தனியானவை, தொடராகக் கேட்க வேண்டியவை என்று இரு வகையைப் பிரித்துக் குறிக்கும் வழி ஏற்படுத்தப்பட்டது. தொடர் என்று குறித்தால் முதற்பகுதி முதலில் வரும். இந்தத் தளத்தின் புதிய வடிவத்தில் ‘முதலிலிருந்து கேட்க’ என்ற பொத்தானைச் சேர்த்திருக்கிறார்கள், அது பாதித் தீர்வு. அதை அழுத்தினால் முதற்பகுதி ஒலிக்கிறது. அது முடிந்ததும் தானாகத் தொடங்குவது இரண்டாம் பகுதியல்ல, அன்று காலை புதிதாகப் பதிவேற்றிய வேறேதோ ஒன்று. கை முழுக்கச் சேறோடு நிற்பவர் என்ன செய்வார்? கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒலிப்பான் முன்னைவிட மிகவும் மேம்பட்டிருக்கிறது. முன்பு ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டே வேறு பக்கத்துக்குப் போனால் ஒலி நின்றுவிடும். இப்போது திரையின் அடியில் சிறு பட்டியாக அது தொடர்ந்து இருக்கிறது. பதினைந்து வினாடி பின்னே போகும் பொத்தான் வந்திருக்கிறது. தொலைபேசித் திரை பூட்டியிருக்கும்போதும் நிறுத்தவும் தொடரவும் முடிகிறது. வேகத்தைக் குறைக்கும் வசதியை வயதானவர்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதைப் பார்த்து எனக்கே வியப்பு. முக்கால் வேகத்தில் வைத்துக் கொடுத்தால், “இப்பதான் அந்தாள் மனுசர் மாதிரிக் கதைக்குது” என்றார் ஒரு பெரியவர்.

டேட்டாச் செலவுக்கும் இவர்கள் இப்போது கவனம் கொடுத்திருக்கிறார்கள். பழைய பக்கத்தில் இருபது ஒலிப்பான்கள் ஒரே பக்கத்தில் இருந்தன; ஒன்றைக்கூட அழுத்துவதற்கு முன்பே அவை ஒவ்வொன்றும் தன் கோப்பை இழுக்கத் தொடங்கிவிடும். இப்போது அழுத்திய பின்புதான் இழுக்கிறது. எல்லாப் பதிவுக்கும் இரண்டு தரங்கள் தரப்படுகின்றன: வினாடிக்கு 128 கிலோபிட், வினாடிக்கு 64 கிலோபிட். முதலாவதில் ஒரு மணித்தியால உரைக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் போகும், இரண்டாவதில் 29. இசை இல்லாத வெறும் பேச்சுக்கு 64 தாராளமாகப் போதும். என் காதுக்கு வேறுபாடே தெரியவில்லை. அளவைப் பொத்தானிலேயே எழுதிவைத்திருப்பது, ரீலோட் போடும் ஒவ்வொரு நூறு ரூபாயையும் எண்ணிச் செலவழிப்பவருக்குச் செய்த மரியாதை. ஆனால் முதலில் தெரிவாகி நிற்பது பெரிய கோப்புத்தான். அதை மாற்றிச் சிறியதை முன்னே வைத்திருக்கலாம்.

தரவிறக்கம் எங்களுக்குக் கட்டாயத் தேவை. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் காட்டுப்பகுதிக்குள் நுழைந்ததும் சிக்னல் வந்து வந்து போகும். வயலுக்குள் இறங்கினால் சில இடங்களில் முற்றாகவே இல்லை. எனவே பலர் வாசிகசாலைக்கு மெமரி சிப்பைக் கொண்டுவந்து, வேண்டியவற்றை ஏற்றித் தரச் சொல்லி, அதைச் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டு வரம்பில் வைத்துவிட்டு வேலை செய்கிறார்கள். இங்கே தளம் பரிதாபமாகத் தோற்கிறது. தரவிறக்கிய கோப்பின் பெயர், பதிவேற்றியவர் தன் கணினியில் வைத்திருந்த பெயர். ‘ஓடியோ பைனல்’, ‘ஓடியோ பைனல் 2’, ‘புதிய ரெக்கோர்டிங்’ என்ற வகையில்தான் எல்லாம். கோப்பினுள்ளே தலைப்பு, பேசியவர் பெயர் முதலியவற்றை எழுதிவைக்கும் இடம் எம்பி3 வடிவத்தில் உண்டு. அது வெறுமையாக இருக்கிறது. இலக்கமிட்டவர்களும் 1, 2, 3 என்று இட்டிருக்கிறார்கள். எங்களிடமுள்ள பெட்டிகள் பெயர் வரிசைப்படி ஒலிப்பவை, அவற்றுக்கு ஒன்றுக்கு அடுத்தது பத்து. கதாநாயகி இரண்டாம் பகுதியில் பிறப்பதற்கு முன்பே பத்தாம் பகுதியில் கலியாணமாகிவிடுகிறாள். 01, 02 என்று ஒரு சுழியத்தை முன்னே சேர்த்தால் தீர்ந்தது. நான் இப்போது ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றித்தான் ஏற்றிக் கொடுக்கிறேன். ஒரு தொடருக்கு அரை மணித்தியாலம் போகிறது.

வாசிகசாலைக்கு வருபவர்களில் ஒருவர் 2009இல் பார்வையை இழந்தவர். அன்ட்ரொய்ட் தொலைபேசியில் உள்ள டோக்பேக் என்ற திரைவாசிப்பான் துணையோடு எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறார். விரலால் வலப்பக்கம் தள்ளத் தள்ள அது அடுத்தடுத்த உருப்படியின் பெயரைச் சொல்லும். வேண்டியது வந்ததும் இருமுறை தட்ட வேண்டும். ஒலித்தளம் ஒன்றின் மிகச் சிறந்த பயனாளர் இவராகத்தானே இருக்க வேண்டும்? பழைய வடிவத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பதிவை அடைய இருபத்திரண்டு மெனுத் தலைப்புகளையும் தள்ளித் தள்ளிக் கடக்க வேண்டியிருந்தது. ஐந்தாகக் குறைந்ததால் அதிக நன்மை பெற்றவர் அவர்தான். ஆனால் அழகுக்காகச் சொற்களை நீக்கிவிட்டு வெறும் குறியீடுகளாக மாற்றிய புதிய பொத்தான்கள் அவரிடம் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்றே பேசுகின்றன. ஒலிப்பான் பட்டியில் அப்படி ஐந்து பெயரிடப்படாத பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. எது ஒலிக்க வைப்பது, எது பின்னே போவது, எது வேகத்தை மாற்றுவது என்பதை அவர் ஒரு பின்னேரம் முழுவதும் தட்டித் தட்டிப் பார்த்து மனனம் செய்துகொண்டார். அடுத்த மாதம் ஒரு பொத்தானைப் புதிதாக இடையில் செருகினார்கள். அவர் மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. அவர் இதைப் பற்றி என்னைவிடக் குறைவாகவே கோபப்பட்டார்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தமிழ்ப் பெயரை நிரலில் எழுதினால் இது தீரும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வலைத்தள அணுகல்தன்மை நெறிகள் இதை நீண்ட காலமாகவே அடிப்படைத் தேவையாக வைத்திருக்கின்றன. 2023 ஒக்டோபரில் வெளிவந்த அவற்றின் 2.2ஆம் பதிப்பு, தொடவேண்டிய இலக்குகள் பொதுவாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் அளவாவது இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. இந்தத் தளத்தின் வேகம் மாற்றும் பொத்தான் பார்வையுள்ள என் பெருவிரலுக்கே அகப்படுவதில்லை. பதிவுகளுக்கு எழுத்து வடிவமும் இருந்தால் காது கேளாதோருக்கும் பயன்படும், தேடலுக்கும் உதவும். தானியங்கி முறையில் ஈழத்துப் பேச்சை எழுத்தாக்க முயன்றால் வருவது பெரும்பாலும் வேடிக்கையாகவே இருக்கிறது என்பதால் அதை உடனே எதிர்பார்க்கவில்லை. ஆனால் ‘12:40 நாற்றுமேடை, 21:05 நீர் விடும் முறை’ என்று நேரக்குறிப்புகளை மட்டும் மனிதரே எழுதலாம். ஒரு மணித்தியால உரையில் தனக்கு வேண்டிய நான்கு நிமிடத்தைத் தேடுபவருக்கு அது பெரிய உதவி.

இனி, என்னைத் தனிப்பட்ட முறையில் மிகவும் வருத்திய விடயம். வாசிகசாலையில் ஒரு தடித்த கொப்பி வைத்திருக்கிறேன். யாரேனும் விரும்பிக் கேட்ட பதிவுகளின் தலைப்பையும் இணைய முகவரியையும் பொருள் வாரியாக அதில் எழுதிவந்தேன். கச்சான் என்ற தலைப்பின் கீழ் நிலக்கடலை உரைகள் மூன்றும் அதில் இருக்கின்றன. புதிய வடிவம் வந்த அன்று அந்தக் கொப்பியிலிருந்த முகவரிகள் எல்லாமே செத்துப்போயின. எதைத் தட்டினாலும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்றே வந்தது. பதிவுகள் எங்கும் போகவில்லை. முகவரி அமைப்பை மாற்றிவிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். நூல்களுக்கெல்லாம் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டுப் பழைய பட்டியலைத் தூக்கியெறிந்த நூலகரை என்ன சொல்வீர்களோ, அதைத்தான் நானும் சொன்னேன். 2005இல் தொடங்கப்பட்ட, ‘நூலகம்’ என்ற பெயருடைய ஈழத்து எண்ணிம நூலகம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் எந்த வயதினரும் எப்போதும் அதே ஆவணத்தை எடுத்துவிடலாம். ஒலித்தொகுப்புக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். தொலைபேசியில் அழைப்பவரிடம் சொல்லக்கூடியதாக, மாணவர் கொப்பியின் ஓரத்தில் எழுதக்கூடியதாக, முகப்பு எத்தனை தடவை மாறினாலும் மாறாததாக அது இருக்க வேண்டும்.

நான் எழுதிய பின்னர் அவர்கள் ஒரு பகுதி முகவரிகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பதிலும் பண்பாக இருந்தது. மற்றவை வரும் என்றார்கள்.

தளத்தின் முகப்புக்கே போகாமல், தொலைபேசியிலுள்ள பொட்காஸ்ட் செயலி வழியாகக் கேட்பது பலருக்கு இலகுவான வழி. ஆர்எஸ்எஸ் ஓடை என்பது தளத்தின் பதிவுகளைச் செயலிகள் தாமாகவே படித்தறியும்படி தரும் பட்டியல். அதன் முகவரியைச் செயலிக்குக் கொடுத்துவிட்டால் புதியவை தாமாகவே வந்து சேரும். 2004இல் பொட்காஸ்ட் என்ற சொல் பிறந்த காலத்திலிருந்து இந்த முறைதான் அதன் முதுகெலும்பு. தளத்தில் இதற்கென இருக்கும் பொத்தான்களில் ஒன்று இன்னமும் கூகுள் பொட்காஸ்ட்ஸ் செயலிக்குப் போகிறது, அந்தச் சேவையோ 2024இலேயே மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக, அன்டெனாபொட் என்ற கட்டணமற்ற, விளம்பரமற்ற அன்ட்ரொய்ட் செயலியை நான் பரிந்துரைக்கிறேன். அதில் வைஃபை கிடைக்கும்போது மட்டும் தரவிறக்கும்படி அமைத்து, இரவில் வாசிகசாலை வைஃபைக்கு அருகில் தொலைபேசியை விட்டுவைத்தால் காலையில் வயலுக்குப் போகும்போது எல்லாம் ஆயத்தமாக இருக்கும். கோப்பின் பெயர் என்னவென்ற கவலையும் இல்லை, ஓடையில் உள்ள தலைப்பே தெரியும்.

ஆனால் தளத்தின் ஓடையில் கடைசிப் பத்துப் பதிவுகள் மட்டுமே இருக்கின்றன. இணையத்தளங்களை நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் யாரும் கைவைக்காவிட்டால் இருக்கும் எண் அது. அமைப்புகளுக்குள் போய் ஓர் எண்ணை மாற்றினால் முந்தையவையும் வரும். பதினெட்டுப் பகுதிக் கதையின் முதல் எட்டும் இந்த வழியாக இப்போது யாருக்கும் கிடைக்காது. சென்ற மாதம் இதையும் எழுதியனுப்பினேன். நேற்று மாலை பார்த்தபோதும் பத்துத்தான் இருந்தன.